சலான் வந்திருக்கா? கோர்ட்டுக்குப் போங்க மக்கா!

நம்ம ஊர்ல ஒருத்தரை நல்லவர்னு சொல்றதுக்கு ஒரு சர்டிபிகேட் உண்டு. "அவரு போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு வாசப்படி கூட மிதிக்காதவரு." பொண்ணு பார்க்கப் போற இடத்துல கூட இதைச் சொல்லி மாப்பிள்ளைக்கு மார்க் போடுவாங்க. கோர்ட்டுன்னா தப்பு பண்ணவன் போற இடம், தப்பு பண்ணாதவனுக்கு அங்க வேலையே இல்லைங்கிற நினைப்பு ரத்தத்துல ஊறிப் போச்சு. மிச்சத்தை சினிமா பார்த்துக்கிச்சு. 1952-ல பராசக்தி, 1984-ல விதி, 2021-ல ஜெய் பீம்னு நாம பார்த்த கோர்ட்டெல்லாம் வாழ்வா சாவா கேஸ் நடந்த கோர்ட்டுதான். ஆயிரம் ரூபாய் ஹெல்மெட் சலானுக்காக கோர்ட்டுக்குப் போன ஹீரோவை எந்த டைரக்டரும் காட்டலை. (காட்டினா படம் பத்து நிமிஷம்தான் ஓடும். அதுல ஒன்பது நிமிஷம் ஹீரோ பெஞ்சுல உட்கார்ந்திருப்பார் :-))

இந்த பயத்துக்கு ஒரு விலை இருக்கு. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

கட்டாத டிராஃபிக் சலான் விஷயத்துல நம்மாளுங்க மூணு வகை. முதல் வகை, மெசேஜ் வந்த அடுத்த நிமிஷம் கட்டிடுவாங்க. தப்பு தன் மேல இருக்கா இல்லையான்னு கூட பார்க்க மாட்டாங்க, "எதுக்கு வம்பு". ரெண்டாவது வகை, "வந்தா பார்த்துக்கலாம்"னு மெசேஜை டெலிட் பண்ணிட்டு அடுத்த சிக்னல்ல அதே தப்பைப் பண்ணுவாங்க. மூணாவது வகைதான் விவரமான ஆளுங்க. எப்பவாவது அரசாங்கம் தள்ளுபடி விடும்னு ஆடித் தள்ளுபடி மாதிரி காத்திருப்பாங்க. இந்த மூணு பேருமே ஒரு விஷயத்துல ஒத்துப் போறாங்க. யாரும் அந்த சலானை முழுசா படிக்கறதில்லை, யாரும் கோர்ட்டுக்குப் போறதில்லை.

என் கட்சி நாலாவது. சலானை எடுத்து நிதானமா படிங்க. தப்பு நம்ம மேலன்னா அன்னிக்கே கட்டிடுங்க. இல்லைன்னா போய் "நான் பண்ணலை"ன்னு சொல்லுங்க. சொல்றதுக்குன்னே ஒரு இடம் இருக்கு, அதுக்குப் பேருதான் கோர்ட்டு.

முதல்ல காசு கணக்கு

இது சில்லறை விஷயம்தானேன்னு நினைக்கறவங்களுக்காக. மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் 2019 செப்டம்பர் 1-ல அமலுக்கு வந்துச்சு. அதுவரைக்கும் 177-வது பிரிவுல, அதாவது வேற எதுலயும் அடங்காத சில்லறைத் தப்புங்களுக்கு, முதல் தடவை 100 ரூபாய். அது 500 ஆச்சு. அதே தப்பை மறுபடி பண்ணா 1500. தமிழ்நாட்டுல இந்த ரேட்டெல்லாம் 2022 அக்டோபர்ல ஏத்தினாங்க. ஹெல்மெட் போடலைன்னா 100 ரூபாயா இருந்தது ஆயிரம் ஆச்சு, லைசென்ஸ் இல்லாம ஓட்டினா 5000. ஹெல்மெட்டுக்கான 194-டி பிரிவுல ஆயிரம் ரூபாயோட சேர்த்து மூணு மாசம் லைசென்ஸ் தகுதியிழப்பும் எழுதியிருக்கு.

ஐடி கம்பெனியில பொட்டி தட்டுற எனக்கு ஆயிரம் ரூபாய்னா ஒரு வீக்கெண்ட் பிரியாணி. டெலிவரி ஓட்டுற பையனுக்கு அது ஒரு நாள் பூரா ஓட்டம், பல நாள் அதுக்கும் மேல. அதனால "ஆயிரம் ரூபாய்தானே, கட்டிட்டுப் போங்க பாஸ்"னு சொல்ற உரிமை எல்லாருக்கும் கிடையாது.

சலான் வந்தா என்னென்ன வழி இருக்கு?

ஒண்ணு, கட்டறது. ஸ்பாட்லயோ ஆன்லைன்லயோ கட்டற இந்தக் காசுக்கு சட்டத்துல 200-வது பிரிவு இருக்கு. கேஸ் கோர்ட்டுக்குப் போகாம அங்கேயே சமரசமா முடிச்சுக்கறது. கட்டியாச்சுன்னா அந்தத் தப்புக்காக உங்க மேல வழக்கு நடக்காது.

ரெண்டு, கட்டாம விட்டு கோர்ட்டுக்குப் போன பிறகு குற்றத்தை ஒத்துக்கறது. இதுக்கு நேர்ல போய்த்தான் ஆகணும்னு இல்லைங்கிறது பலருக்குத் தெரியாது. 1988-ல வந்த சட்டத்துலயே 208-வது பிரிவுல வழி இருக்கு. சின்னக் கேஸ்கள்ல கோர்ட்டு சம்மன் அனுப்பறப்ப, "வக்கீல் மூலமாவோ நேர்லயோ வா, இல்லைன்னா குற்றத்தை ஒத்துக்கிட்டு மணியார்டர்ல பணத்தை அனுப்பு"ன்னு சொல்லலாம். அப்படி ஒத்துக்கிட்டுக் கட்டினா மேற்கொண்டு நடவடிக்கை கிடையாது, ஒத்துக்கிட்டதைக் காரணம் காட்டி லைசென்ஸைப் பிடுங்கவும் முடியாது. அந்த மணியார்டரோட பேரன்தான் இப்ப இருக்கற மெய்நிகர் நீதிமன்றம். 2019 ஜூலையில டெல்லியில டிராஃபிக் கேஸுக்காக ஆரம்பிச்சது, இப்ப தமிழ்நாடு உட்பட பல மாநிலத்துல இருக்கு. வண்டி நம்பரைப் போட்டா கேஸ் வரும், ரெண்டு பட்டன் இருக்கும். ஒண்ணு, சொன்ன அபராதத்தைக் கட்டறேன். இன்னொண்ணு, வழக்கை எதிர்க்கிறேன். நம்மாளுங்க கண்ணுக்கு அந்த ரெண்டாவது பட்டன் தெரியறதே இல்லை.

மூணு, லோக் அதாலத். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்துல வந்தது. கோர்ட் ஃபீஸ் கிடையாது, பேசி முடிச்சா அதுதான் கடைசித் தீர்ப்பு, அப்பீல் இல்லை. டெல்லி பக்கமெல்லாம் லோக் அதாலத் தேதி வந்தாலே டோக்கன் எடுக்கக் கூட்டம் அலை மோதும். ஆனா ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். லோக் அதாலத் சமரசத்துக்கான இடம். நீங்க பண்ணீங்களா பண்ணலையான்னு அங்க விசாரிக்க மாட்டாங்க. பண்ணாத தப்புக்கு அங்க போய் பாதி காசு கட்டறது, திருடாத கோழிக்கு கால் மட்டும் குடுக்கற மாதிரி.

நாலு, எதிர்க்கிறது. வழக்கு ரெகுலர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும். ஆதாரத்தைக் காட்ட வேண்டியது அவங்க பொறுப்பு.

அந்த ஆதாரம் எப்படி இருக்கணும்னும் விதி இருக்கு. 2021 ஆகஸ்ட்ல மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 167-ஏ-ன்னு ஒண்ணு சேர்த்தாங்க. கேமரா மூலமா போடற சலான்ல தப்பும் நம்பர் பிளேட்டும் தெளிவாத் தெரியற போட்டோ, தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவை மீறினீங்கன்னு எல்லாம் இருக்கணும். மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் சேர்ந்திருக்கணும். கேமராவுக்கு வருஷா வருஷம் ஒப்புதல் புதுப்பிக்கணும். கேமரா இருக்கற ரோட்டுல எச்சரிக்கைப் பலகை வைக்கணும். தப்பு நடந்த 15 நாளைக்குள்ள நோட்டீஸ் வரணும். உங்களுக்கு வந்த சலான்ல இதுல எத்தனை இருந்துச்சுன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்களேன்.

இன்னொரு சங்கதி. அபராதம் மட்டுமே தண்டனையா இருக்கற குற்றத்தை ஆறு மாசத்துக்குள்ள கோர்ட்டுக்குக் கொண்டு போகணும். பழைய சட்டத்துல 468-வது பிரிவு, 2024 ஜூலை 1-ல வந்த புதுச் சட்டத்துல 514. உடனே "ஹை, ஆறு மாசம் சும்மா இருந்தா சலான் செத்துடும்"னு வாட்ஸப்ல ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தா கோர்ட்டு அதை மன்னிக்கலாம்னும் சட்டம் சொல்லுது. தானா எதுவும் சாகாது. காலம் கடந்து போச்சுன்னு கோர்ட்டுல போய் எடுத்துச் சொல்றதுதான் நல்லது. ஆக, மறுபடியும் போகத்தான் வேணும் :-)

எங்க சித்தப்பா கேஸ்

எங்க சித்தப்பா சென்னைப் புறநகர்ல கடைகளுக்கு இட்லி மாவு சப்ளை பண்றவர். வண்டி டிவிஎஸ் எக்ஸெல். 2023-ல அவருக்கு ஒரு சலான் வந்துச்சு. ஹெல்மெட் இல்லை, ஆயிரம் ரூபாய். போட்டோவைத் திறந்து பார்த்தா ஒரு ஸ்போர்ட்ஸ் பைக், மேல ரெண்டு காலேஜ் பசங்க. நம்பர்ல ஒரே ஒரு எழுத்தை மெஷினோ மனுஷனோ தப்பா படிச்சிருக்காங்க.

"சரி விடுறா, ஆயிரம் ரூபா போனாப் போகுது. இதுக்குப் போய் கோர்ட்டு கேஸுன்னு அலைவாங்களா?" இது சித்தப்பா.

"சித்தப்பா, நீங்க கட்டினா நீங்க பண்ணதா ஆயிடும். நாளைக்கு அந்தப் பசங்க மறுபடி மாட்டினா அதுவும் உங்க கணக்குல வரும். வாங்க, நானும் லீவ் போட்டுட்டு வரேன்." இது நான்.

எதிர்க்கிறேன்னு பதிவு பண்ணோம். தேதி வந்துச்சு. கோர்ட்டு வாசல்லயே ஒரு புரோக்கர், "சலானா சார்? ஆயிரத்து ஐநூறு குடுங்க, உள்ளயே போக வேணாம்"னார். ஆயிரம் ரூபாய் கேஸை முடிக்க ஆயிரத்து ஐநூறு. அதையும் குடுக்க அங்க ஆளு நின்னுச்சு, அதான் ஆச்சரியம். அவங்க காசுக்காகக் குடுக்கலை. உள்ள போகாம இருக்கறதுக்காகக் குடுத்தாங்க.

உள்ள போனா சினிமா மாதிரி எதுவுமே இல்லை. டவாலி பேரைக் கூப்பிடறார், ஆளு போய் நிக்கறார், "ஒத்துக்கறீங்களா?", "ஒத்துக்கறேங்கய்யா", ஃபைன் ரசீது, அடுத்த ஆளு. ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம் கூட இல்லை. சித்தப்பா முறை வந்தப்ப, "இல்லைங்கய்யா, அது என் வண்டி இல்லைங்க"ன்னார். குரல் நடுங்குச்சு. மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். ஆர்சி புக்கையும் போட்டோவையும் வாங்கிப் பார்த்துட்டு, சம்பந்தப்பட்ட பிரிவுல இருந்து அறிக்கை வரட்டும்னு வாய்தா போட்டார். அடுத்த தேதியில அறிக்கை வந்துச்சு, வண்டி வேற. கேஸ் முடிஞ்சது. ரெண்டு நாளும் சேர்த்து நாங்க மாஜிஸ்திரேட் முன்னாடி நின்னது அஞ்சு நிமிஷம் இருக்கும். வக்கீல் வைக்கலை. யாரும் மிரட்டலை.

ஆனா அந்த ரெண்டு நாளும் மாவு போகலை. வெளிய வந்து சித்தப்பா சொன்னது: "ஆயிரத்தைக் காப்பாத்த ரெண்டு நாள் யாவாரம் போச்சுடா. ஆனாலும் பரவால்ல. நான் பண்ணலைன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துடுச்சு பாத்தியா."

என்னோட வாதமும் அதுக்கு எதிர்வாதமும் ரெண்டுமே சித்தப்பா வாயிலயே வந்துடுச்சு. நியாயம் கிடைக்குது. ஆனா அதுக்கு ஆகற செலவு அபராதத்தை விட அதிகம்.

இந்தத் தள்ளுபடி கூத்து

இதை அரசாங்கங்கள் எப்படி சரி பண்றாங்க? தள்ளுபடி விட்டு! தெலங்கானாவுல 2022 மார்ச்ல டூவீலர் சலானுக்கு 25 சதவீதம் கட்டினா போதும்னாங்க. 2023 டிசம்பர்ல மறுபடி, இந்தத் தடவை 20 சதவீதம். கர்நாடகாவுல 2023 பிப்ரவரியில பாதி ரேட்டு விட்டாங்க, கூட்டம் தாங்கலை, நூறு கோடிக்கு மேல வசூல். திரும்ப 2025 ஆகஸ்ட்லயும் அதே பாதி ரேட்டு. உத்தரப்பிரதேசம் இன்னும் ஒரு படி மேல. 2017-ல இருந்து 2021 முடியற வரைக்கும் போட்டு நிலுவையில இருந்த சலான்களை 2023-ல மொத்தமா ரத்து பண்ணிட்டாங்க.

யோசிச்சுப் பாருங்க. ஹைதராபாத்ல ஒருத்தர் ஒழுங்கா அன்னிக்கே முழுக்காசு கட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் டபாய்ச்சுட்டு அஞ்சுல ஒரு பங்கு கட்டினார். இதுல புத்திசாலி யாரு? அடுத்த தடவை அந்த முதல் ஆளு கட்டுவாரா? இதுல இன்னொருத்தர் இருக்கார், தப்பே பண்ணாத மூணாவது ஆளு. அவரும் "200 ரூபாதானே"ன்னு கட்டிட்டுப் போயிடறார். தள்ளுபடியில தப்பான சலானெல்லாம் நல்ல சலானா மாறிடுது. எத்தனை சலான் தப்புன்னு யாருக்குமே தெரியாம போயிடுது. சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, பக் ரிப்போர்ட் பண்ணவே விடாம டிக்கெட்டை க்ளோஸ் பண்ற வேலை.

அபராதம் வருமானமாகும்போது

அமெரிக்காவுல மிசௌரி மாநிலத்துல ஃபெர்குசன்னு ஒரு சின்ன ஊர். அதைப் பத்தி அந்நாட்டு நீதித்துறை 2015 மார்ச்ல ஒரு அறிக்கை விட்டுச்சு. அதுல ஒரு பெண்மணி கதை வருது. 2007-ல தப்பா பார்க் பண்ணதுக்கு ரெண்டு டிக்கெட், 151 டாலரும் மேற்கட்டணமும். கட்ட வசதியில்லை, கோர்ட்டுத் தேதிகளைத் தவற விட்டாங்க. ஒவ்வொண்ணுக்கும் புது அபராதம், வாரண்ட். ஏழு வருஷம் கழிச்சு அவங்க கட்டினது 550 டாலர், இன்னும் பாக்கி 541 டாலர், நடுவுல ஆறு நாள் ஜெயில். அந்த ஊர் நிர்வாகம் கோர்ட்டையும் போலீஸையும் கல்லாப்பெட்டியா நடத்தினதுதான் காரணம்னு அறிக்கை புட்டுப் புட்டு வச்சுது.

நம்ம ஊரு அந்த அளவுக்குப் போகலை. ஆனா சம்மனை மதிக்கலைன்னா இங்கயும் பிடிவாரண்ட் போட கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. சலான் பாக்கி இருந்தா பேர் மாத்தறது, எஃப்சின்னு வண்டி சம்பந்தமான வேலைகள் ஆர்டிஓ பக்கம் தடங்கல் ஆகும். ஓட்டித்தான் சோறுங்கிற ஆளுக்கு அது வயித்துல அடிக்கற வேலை.

எதிர்ப்பக்கம் ஃபின்லாந்து. அங்க பெரிய வேகக் குத்தத்துக்கு அபராதம் வருமானத்தைப் பொறுத்தது. 2002-ல நோக்கியா டைரக்டர் ஒருத்தர் 50 கிலோமீட்டர் ரோட்டுல 75-ல போனதுக்கு 1,16,000 யூரோ தீட்டினாங்க. அவர் என்ன பண்ணார்? எதிர்த்துக் கேட்டார். அந்த வருஷம் வருமானம் குறைஞ்சு போச்சுன்னு காட்டினார், அபராதம் பல மடங்கு குறைஞ்சது. பணக்காரனுக்கு "எதுக்கு வம்பு"ங்கிற சொல்லே தெரியாது பாருங்க. கேட்கறது அவனுக்குப் பழக்கம். நமக்குத்தான் கூச்சம்.

சரி, என்னதான் பண்ணணும்ங்கிறே?

"ஏற்கனவே கோர்ட்டுல கேஸ் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு, நீ வேற சலானைத் தூக்கிட்டுப் போகச் சொல்றியா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா கேஸ் குவியறது தப்பான சலான் போடறவங்களாலயும், கட்ட வேண்டியதைக் கட்டாம விடறவங்களாலயும். நியாயமா எதிர்க்கறவன் அதுல ரொம்பக் கொஞ்சம். அவனைக் குத்தம் சொல்லக் கூடாது.

அரசாங்கத்துக்கிட்ட நான் கேட்கறது பெரிசா ஒண்ணும் இல்லை. ஒண்ணு, கட்டறதை வீட்டுல உட்கார்ந்து ஒரு பட்டன்ல முடிக்க முடியுதுன்னா, எதிர்க்கறதையும் அப்படியே முடிக்க விடுங்க. சித்தப்பா கேஸ்ல தேவைப்பட்டது ரெண்டு போட்டோதான். அதுக்கு ரெண்டு நாள் எதுக்கு? ரெண்டு, மெஷின் போட்ட சலானை அனுப்பறதுக்கு முன்னாடி போட்டோவுல இருக்கற வண்டியும் ஆர்சியில இருக்கற வண்டியும் ஒண்ணான்னு பாருங்க. மாடல், கலர் எல்லாம் உங்க டேட்டாபேஸ்லயே இருக்கு. ஃபிரஷர் பையன் கூட அந்த செக்கை எழுதிடுவான். மூணு, சலான் தப்புன்னு ஆச்சுன்னா அலைஞ்ச நாளுக்கு ஒரு தொகை குடுங்க. அப்பத்தான் போடறவங்க பார்த்துப் போடுவாங்க. நாலு, தள்ளுபடியை நிறுத்துங்க. முடியாதவங்களுக்குத் தவணை குடுங்க.

நம்ம பங்குக்கு? மெசேஜ்ல வர்ற லிங்கை அமுக்காதீங்க. சலான்னு சொல்லி வாட்ஸப்ல ஆப் அனுப்பி பேங்க் அக்கவுண்ட்டைக் காலி பண்ற கூட்டம் சுத்துது. நீங்களே பரிவாஹன் தளத்துக்குப் போய் வண்டி நம்பர் போட்டுப் பாருங்க. அந்தத் தளத்தோட முகவரி கவ் டாட் இன்னுதான் முடியும். போட்டோவைப் பெரிசு பண்ணிப் பாருங்க. எந்தப் பிரிவு, எந்தத் தேதி, எதுக்குள்ள பதில் சொல்லணும்னு சலான்லயே பாருங்க, விதிகள் மாறிக்கிட்டே இருக்கு. வித்த வண்டிக்கு சலான் வந்தா முதல்ல பேர் மாத்துங்க. ஆர்சியில யார் பேரோ, சட்டத்தோட கண்ணுல அவர்தான் ஓனர். தப்பு நம்மதுன்னா கட்டுங்க, கட்டிட்டு ஹெல்மெட் வாங்குங்க. தப்பு இல்லைன்னா ஆர்சி காப்பி, வண்டி போட்டோ, சலான் பிரிண்ட்டோட போங்க. வாசல்ல நிக்கற புரோக்கரைப் பார்க்காம நேரா உள்ள போங்க.

கோர்ட்டு வாசப்படி மிதிக்காதவன்தான் நல்லவன்கிறது பழைய கணக்கு. பண்ணாததை "பண்ணேன்"னு ஒத்துக்கிட்டு ரசீது வாங்கிட்டு வர்றவன் நல்லவன் இல்லை, பயந்தவன். நம்ம ஊருக்கு நல்லவங்க நிறைய பேர் வேணும், பயந்தவங்க ஏற்கனவே போதுமான அளவுக்கு இருக்காங்க.

உங்க சலான் கதைகளைப் பின்னூட்டத்துல கொட்டுங்க. கும்மி அடிச்சாலும் ஓகே, ஆனா வண்டி நம்பரைப் போட்டுடாதீங்க :-)

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டுறவன். குடிச்சுட்டு ஓட்டினது, ஆளை இடிச்சது மாதிரி கேஸுக்கெல்லாம் இந்தப் பதிவைப் பிரிண்ட் எடுத்துட்டுப் போகாதீங்க. அதுக்கு நல்ல வக்கீலைப் பாருங்க.